பாய் திருப்பிக் கொடுக்காத கேமரா

வெண்டைக்காய் நுனியை ஒடிக்கக் கூடாது என்று அந்த இந்தியக் கடையில் மூன்று மொழிகளில் எழுதி ஒட்டியிருந்தார்கள். தமிழில் எழுதியது ஒரே ஒருவருக்காகத்தான் என்று நான் அடித்துச் சொல்வேன். ஒரு பவுண்டு வெண்டைக்காய்க்கு அவர் முப்பது நுனி ஒடிப்பார். ‘முத்தல்’ என்று முணுமுணுத்துவிட்டு, ஒடித்ததை அதே குவியலில் போடுவார். கல்லாவில் இருக்கும் குஜராத்தி அம்மாள் அங்கிருந்தே தலையில் அடித்துக்கொள்வார். கடைசியில் இவர் வெண்டைக்காயே வாங்காமல் ஒரு கட்டு கொத்தமல்லியோடு வெளியே வருவார். அந்தக் கட்டையும் நடுவில் அழுகல் இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்திருப்பார்.

நாங்கள் அவரை பாய் என்றுதான் கூப்பிட்டோம். பெயர் தெரியும், எழுதப்போவதில்லை. தங்கள் வீட்டு விஷயம் நாலு பேர் கண்ணில் படுவதை விரும்பாத குடும்பம் அது. நான் இதை எழுதுவதே ஒரு வகையில் அத்துமீறல்தான். பெயரையாவது விட்டுவைக்கிறேன்.

கல்யாணமாகி நான் கலிஃபோர்னியாவில் இருக்கும் பிளசன்டனுக்கு வந்தது 2003இல். கணவருக்கு வேலை விசா. எனக்கு அவரைச் சார்ந்து வந்த விசா. அதில் வேலை பார்க்கக் கூடாது, படிக்கலாம். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு அபார்ட்மெண்ட் ஜன்னலில் நின்று அடுத்த வீட்டுக் கார்களை எண்ணிக்கொண்டிருந்த எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. கம்யூனிட்டி காலேஜில் ஃபிலிம் கழுவிப் படம் போடும் வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். கலை ஆர்வமெல்லாம் இல்லை. அதில்தான் இடம் காலியாக இருந்தது.

வகுப்புக்குக் கையால் ஃபோகஸ் செய்கிற பழைய ஃபிலிம் கேமரா வேண்டும் என்றார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு காலேஜ் பார்க்கிங் லாட்டில் பழைய சாமான் சந்தை கூடும். அங்கே ஒரு மேஜை முன்னால் நானும் கணவரும் திருவிழாவில் தொலைந்தவர்கள் மாதிரி நின்றுகொண்டிருந்தோம். பக்கத்தில் தாடி வைத்த, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் ஒரு கேமராவைக் காதில் வைத்துக் கண்ணை மூடியிருந்தார். க்ளிக் என்று ஒரு சத்தம், கொஞ்சம் கழித்து டக் என்று இன்னொன்று.

“ஒரு செகண்டுன்னு போட்டிருக்கு, ஒண்ணரை ஆகுது. களவாணி,” என்று கேமராவைத் தமிழில் திட்டினார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் திரும்பிப் பார்த்தார்.

“எந்த ஊரு தங்கச்சி?”

“திருச்சி. நீங்க?”

“கீழக்கரை. கேமரா வாங்கவா வந்தீங்க? கையில இருக்கிறத முதல்ல கீழ வைங்க. அதுக்குள்ள பூஞ்சை புடிச்சிருக்கு.”

சட்டைப் பையிலிருந்து குட்டி டார்ச் ஒன்றை எடுத்து லென்ஸுக்குள் அடித்துக் காட்டினார். உள்ளே சிலந்தி கூடு கட்டியது மாதிரி வெள்ளை இழைகள். பிறகு பின்கதவைத் திறந்து ஓரத்தில் ஒட்டியிருக்கும் பஞ்சை நகத்தால் சுரண்டினார். பஞ்சு தார் மாதிரி கையில் ஒட்டியது. “பார்த்தீங்களா? இந்த வழியா வெளிச்சம் உள்ள போகும். படம் பூரா புகை அடிச்ச மாதிரி வரும்.” கடைசியாகக் கேமராவை என் கண்ணில் வைத்து, லென்ஸ் வளையத்தைத் திருப்பச் சொன்னார். நடுவில் ஒரு சின்ன வட்டம். அதில் எதிரே நின்ற என் கணவரின் மூக்கு இரண்டாகப் பிளந்திருந்தது. வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு பாதியும் நகர்ந்து வந்து ஒட்டிக்கொண்டன.

“ஒட்டிடுச்சா? அதுதான் ஃபோகஸ். மிஷின் சொல்லாது. நம்ம கண்ணுதான் சொல்லணும்.”

எனக்கு ஒரு கேமரா தேர்ந்தெடுக்க அவர் மூன்று மாதம் எடுத்துக்கொண்டார். நான் அவசரக்காரி. முதல் சந்தையிலேயே எதையாவது வாங்கிக்கொண்டு போயிருப்பேன். விட்டால்தானே. ஒவ்வொன்றையும் நான் ஆசையாக எடுக்கும்போது, “ஒருக்கா பார்த்துருவோம்,” என்று கையை நீட்டுவார். ஒருக்கா என்றால் அவர் கணக்கில் குறைந்தது பதினைந்து தடவை. அதற்குள் அவர் எங்கள் அபார்ட்மெண்ட்டிலேயே பின் வரிசையில் குடியிருக்கிறார் என்று தெரிந்து, இரண்டு குடும்பமும் ஒட்டிக்கொண்டது. அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். ஐந்து வயது மகள் ஒருத்தி. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லும்.

ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் அவருக்கு வேலை. “குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளம் தர்றான்,” என்பார். சம்பளம் இல்லாமலும் அதையே செய்தார். சந்தையில் மேஜை போட்டிருந்த வெள்ளைக்காரக் கிழவரிடம் தனக்காகக் கேமரா வாங்குவார். பிடிக்காவிட்டால் அடுத்த சந்தையில் திருப்பிக் கொடுக்கலாம் என்பது அந்தக் கிழவரின் ஏற்பாடு. அடுத்த சந்தையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார். ஒன்றில் தொள்ளாயிரத்துச் சொச்சம் தடவையில் ஒரு தடவை ஷட்டர் சிக்குகிறது. இன்னொன்றில் லென்ஸ் வளையம் குளிரில் கொஞ்சம் இறுகுகிறது. இன்னொன்றில் குறையே இல்லை, அதுதான் சந்தேகமாக இருக்கிறது. இப்படி ஏழு கேமரா. தூரத்தில் இவர் தலை தெரிந்ததுமே, “டாக்டர் வருகிறார்,” என்று கிழவர் பக்கத்து மேஜைக்காரரிடம் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

அக்காவுக்கு இதெல்லாம் பழகிவிட்டது. “என்னைய மட்டும் ஒருக்காகூட பார்க்காமத்தான் கட்டினாரு. அவங்க உம்மா வந்து பார்த்து முடிச்சுட்டாங்க. அந்தக் கோபத்த இப்பக் கேமராகிட்ட காட்டுறாரு,” என்று சிரிப்பார்.

ஆனால் எப்போதும் சிரிக்க முடியாது. ஒரு பெருநாள் காலையில் எங்களையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். தொழுகைக்குக் கிளம்பியவர்கள் ஃப்ரீவேயில் பாதி தூரம் போனதும் பாய்க்கு அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம். திரும்பி வந்தார்கள். அணைத்திருந்தது. மறுபடி கிளம்பி, முதல் சிக்னலில் நின்றதும், அணைத்த அடுப்பைச் சோதிக்கப் போனபோது கை பட்டு எதையாவது திருகிவிட்டோமா என்று இன்னொரு சந்தேகம். மறுபடி திரும்பினார்கள். தொழுகை போய்விட்டது. நான் போனபோது புதுத்துணியோடு அக்கா சமையலறையில் நின்று அழுதுகொண்டிருந்தார். பாய் தலையைத் தொங்கப்போட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார். இந்த மனுஷனிடம் ஏதோ உடைந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. அவர் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். எட்டாவது கேமராவை மேஜை மேல் வைத்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தார்.

“பாய், நீங்க ஒரு போட்டோகூட எடுத்து நான் பார்த்ததில்ல. எதுக்கு இவ்வளவு பார்க்கறீங்க? கடையில டிஜிட்டல் கேமரா குவிஞ்சு கிடக்கு.”

அவர் டார்ச்சை அணைத்தார். “ஒரே ஒரு படம் எடுக்கணும் தங்கச்சி. எங்க உம்மாவ.”

பிறகு சொன்னார். உம்மாவுக்கு எழுபத்தாறு வயது. பிறந்ததிலிருந்து ஒரு படம்கூட எடுத்துக்கொண்டதில்லை. மார்க்கத்துக்கு ஆகாது என்பது அவர் பிடிவாதம். வாக்காளர் அட்டைக்குப் படம் எடுக்க வந்தவர்களிடம், “எனக்கு ஓட்டே வேணாம்,” என்று கதவைச் சாத்திவிட்டாராம்.

“என் மக கேக்குறா, பாட்டி பார்க்க எப்படி இருப்பாங்கன்னு. வாயால சொல்லிச் சொல்லி, இப்ப எனக்கே மூக்கு எப்படி இருக்கும்னு சந்தேகம் வருது. அஞ்சு வருஷமாச்சு பார்த்து.”

மூன்று வருடம் போனில் கெஞ்சியதில் உம்மா இறங்கி வந்திருந்தார், மூன்று நிபந்தனைகளோடு. ஒன்றே ஒன்றுதான், இரண்டாவது கிடையாது. கண்புரை ஆபரேஷன் செய்த கண் என்பதால் ஃப்ளாஷ் அடிக்கக் கூடாது. அந்நிய ஆண் எவன் பார்வையும் படத்தின் மேல் படக் கூடாது.

“டிஜிட்டல்னா கம்ப்யூட்டருக்குப் போகும். அங்கேருந்து எங்க போகும்னு எனக்குத் தெரியும், நான் பார்க்கிற வேலையே அதான். உம்மா இருக்கிற அறையில ஒரே ஒரு சன்னல். அந்த இருட்டுல தானா ஃபோகஸ் பண்ற கேமரா உர்ர் உர்ர்னு தடவிக்கிட்டே இருக்கும். முக்காட்டு ஓரத்தப் புடிச்சுக்கிட்டு முகத்த விட்டுரும்.”

“உடனே படம் துப்புமே ஒரு கேமரா, அத வாங்கலாமே?”

“யோசிச்சேன். அதுக்கும் ஃப்ளாஷ் வேணும். வருஷம் போகப்போக வெளிறியும் போயிரும். எங்க உம்மா வெளிறக் கூடாது தங்கச்சி.”

“சரி, ஃபிலிமைக் கடையில கழுவக் கொடுத்தா அங்க ஆம்பளை பார்ப்பானே?”

“அதனாலதான் அன்னைக்குச் சந்தையில நீங்க கழுவுற வகுப்புக்குப் போறேன்னு சொன்னதும், அல்லா அனுப்பின ஆள்னு நினைச்சேன்.”

கழுவித் தருகிறேன் என்றேன். மனதுக்குள் பெருமையாகவும் இருந்தது. அமெரிக்கா வந்த பிறகு என்னிடம் யாரும் எந்த வேலையையும் நம்பி ஒப்படைத்ததில்லை.

கேமரா அகப்பட்டாலும் ஊருக்குப் போக முடியாத நிலை. அவரோடு கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணியவர்கள் எல்லோரும் வாங்கி, வீடும் வாங்கிக் குடிபோய்விட்டார்கள். இவருக்கு மட்டும் அமெரிக்கப் போலீஸ் செய்யும் பெயர்ச் சரிபார்ப்பு என்ற இடத்தில் நின்றது. வருடக்கணக்காக அங்கேயே நின்றது. இடையில் வெளியே போய் வந்தால் சிக்கல் வரலாம் என்று வக்கீல் பயமுறுத்தி வைத்திருந்தார். எல்லாவற்றையும் செக் பண்ணிப் பார்க்கிற பாயை அமெரிக்கா செக் பண்ணிக்கொண்டிருந்தது. அதைப் பற்றிக் கேட்டால் கேமராவை எடுத்துத் துடைப்பார்.

அந்த எட்டாவது கேமராவை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. முழுக்க இரும்பு, கையில் எடுத்தால் அம்மிக் குழவி கனம். இருட்டிலும் பார்க்கும் பெரிய கண்ணாடி லென்ஸ். உள்ளே இருந்த வெளிச்ச மீட்டர் மட்டும் செத்துப்போயிருந்தது. அதற்காக ஊரில் இருக்கும் அண்ணன் மகனை விட்டு உம்மாவின் அறையில் வெளிச்சம் எப்போது எப்படி விழுகிறது என்று மணிக்கு மணி கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். பத்தரை மணி என்று முடிவானது. கேமரா நன்றாக இருக்கிறது என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. அடுத்த சந்தை தாண்டியும் அது மேஜையிலேயே இருந்தது, அவ்வளவுதான். நாங்கள் புரிந்துகொண்டோம். இரண்டு ரோல் சோதனையாக எடுத்தார். பாத்ரூமில் நான் கழுவிக் கொடுத்தேன். அக்காவும் மகளும் தெளிவாக, அழகாக விழுந்திருந்தார்கள்.

2006 கடைசியில் கிரீன் கார்டு வந்தது. பத்தே நாளில் டிக்கெட் எடுத்தார். மகளுக்குப் பள்ளிக்கூடம் என்பதால் தனியாகத்தான் கிளம்பினார். கிளம்புகிற நாள் மத்தியானம் நான் அங்கே இருந்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் ஏறுவார், எண்ணைப் பார்ப்பார், பெட்டி இல்லாமல் ஏறுவார், கழிப்பார். ஒரு பெட்டிக்கு மூன்று முறை. வியர்த்துக் கொட்டியது. பிறகு கேமராவையும் ஒரு ஃபிலிம் ரோலையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

“இத நீங்க மாட்டிக் கொடுங்க தங்கச்சி.”

“உங்களுக்கே நல்லாத் தெரியுமே பாய்.”

“தெரியும். ஆனா உங்க கைராசி. நீங்க தொட்ட ரோல் எதுவும் வீணாப்போகல.”

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரு ரோலை நான் வகுப்பில் பாழாக்கியதை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. பின்கதவைத் திறந்து ரோலை வைத்தேன். ஃபிலிமின் நாக்கை இழுத்து எதிர்ப்பக்க உருளையின் வெட்டில் செருகினேன். வரும்போது கீழக்கரைத் தொதல், அந்தக் கருப்பட்டி அல்வா, கட்டாயம் வாங்கி வர வேண்டும், போன தடவை யாரோ கொண்டுவந்தது பழசு என்று பேசிக்கொண்டே கதவை மூடி, இரண்டு முறை க்ளிக் செய்தேன். எண் ஒன்றில் வந்து நின்றது. நீட்டினேன்.

அவர் இரண்டு கையாலும் வாங்கி, பிஸ்மில்லாஹ் சொல்லிப் பைக்குள் வைத்தார்.

அக்காவுக்கு ஆச்சரியம். “என்ன, ஒருக்கா பார்க்கலையா?”

“தங்கச்சி மாட்டினது,” என்றார்.

மூன்று வாரம் கழித்துத் தொதலோடு வந்தார். கொஞ்சம் கறுத்திருந்தார். உம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். பத்தரை மணிக்குச் சன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்தாராம். உம்மா வெள்ளை முக்காட்டை மூன்று முறை இழுத்து விட்டுக்கொண்டாராம். “அந்த வட்டத்துக்குள்ள உம்மா முகம் ரெண்டா இருந்துச்சு. நான் மெதுவாத்தான் திருப்பினேன். ஒட்டினப்புறமும் அமுக்காம பார்த்துக்கிட்டே இருந்தேன். நாலு நிமிஷம் இருக்கும். உம்மா முகத்த நான் அவ்வளவு நேரம் பார்த்ததே இல்ல தங்கச்சி.”

ஃபிலிமைக் கேட்டால் மட்டும் பேச்சு மாறியது. முதலில் பெட்டிக்குள் எங்கேயோ இருக்கிறது என்றார். அப்புறம் கெமிக்கல் புதுசாக வாங்கிவிடலாம் என்றார். அப்புறம் வேறு ஒரு ரோலைக் கழுவிப் பார்த்துவிட்டு இதைக் கழுவலாம் என்றார். வழக்கமான நோய்தான் என்று நினைத்தேன். ஒரு மாதம் பொறுத்தேன். ஒருநாள் அலமாரியில் ரோலைப் பார்த்ததும் எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். “இனிமே உங்களைக் கேட்கப் போறதில்ல பாய், நாளைக்குப் படமா வந்து பாருங்க,” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். அவர் வாசல் வரை வந்தார். எதுவோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நின்றார்.

மறுநாள் பாத்ரூம் கதவிடுக்கில் துண்டைத் திணித்து இருட்டாக்கி, ஃபிலிமை டப்பாவுக்குள் சுற்றினேன். நிமிடம் பார்த்து, சூடு பார்த்து, கெமிக்கலை ஊற்றிக் கழுவினேன். விளக்கைப் போட்டு ஃபிலிமை உருவி எடுத்துத் தூக்கிப் பிடித்தேன்.

முழுக்கக் கண்ணாடி. ஒரு நிழல்கூட இல்லை.

ஓரத்தில் மட்டும் ஒன்று முதல் முப்பத்தாறு வரை எண்கள் பளிச்சென்று கறுப்பாக விழுந்திருந்தன. அந்த எண்கள் ஃபேக்டரியிலேயே பதிந்து வருபவை. அவை தெரிந்தால் கெமிக்கலில் குறை இல்லை, கழுவியதிலும் குறை இல்லை என்று அர்த்தம். கேமராவுக்குள் ஃபிலிம் நகரவே இல்லை. நான் செருகிய நாக்கு வெட்டில் சரியாகச் சிக்காமல் நழுவியிருக்கிறது. ஃபிலிம் சரியாகச் சிக்கியிருந்தால் ஒவ்வொரு முறை லீவரைத் தள்ளும்போதும் மேலே இடப்பக்கக் குமிழ் தானாகச் சுற்றும். மூடியதும் அதைப் பார்க்க வேண்டும். முதல் வகுப்பில் சொல்லித் தந்த பாடம். நான் தொதல் பேசிக்கொண்டிருந்தேன்.

குளியல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு, ஃபிலிமைக் காய வைத்து எடுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன்.

“கெமிக்கல் பழசு போல இருக்கு பாய். கெட்டுப்போச்சு,” என்றேன்.

அவர் ஃபிலிமை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒன்றாம் எண்ணிலிருந்து முப்பத்தாறு வரை ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டே போனார். ஃபிலிம் பற்றி நான் படித்ததைவிட அவர் பத்து மடங்கு படித்தவர். ஓரத்து எண்கள் என்ன சொல்லும் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. வெண்டைக்காய் நுனியை விடாத மனுஷன், இப்போது பிடித்துக்கொள்வார் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

“கெமிக்கல் சில சமயம் அப்படித்தான். விடுங்க. டீ குடிச்சுட்டுப் போங்க,” என்றார்.

நான் கோழை. விட்டுவிட்டேன். அதன் பிறகு துணி துவைக்கும் அறைக்கு அவர் வீட்டு வழியாகப் போவதை நிறுத்தினேன். நேரே பார்த்தால், “என்ன தங்கச்சி, ஆளையே காணோம்,” என்பார். வேலை என்பேன். எனக்கு என்ன வேலை?

சில மாதங்களிலேயே உம்மா போய்விட்டார். சாயங்காலம் அக்கா போன் செய்தார், “மாமி மவுத்தாயிட்டாங்கம்மா.” அன்றைக்கே அடக்கமும் முடிந்திருந்தது. விமானம் பிடித்துப் போனாலும் முகம் பார்க்க முடியாது. மறுநாள் சாம்பார் சாதமும் பொரியலும் செய்து எடுத்துக்கொண்டு போனேன். வந்தவர்கள் கலைந்த பிறகு பாய் சமையலறைக்கு வந்து தண்ணீர் குடித்தார். கண் வீங்கியிருந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“பாய், கெமிக்கல் கெடல. ஃபிலிமை நான்தான் சரியா மாட்டல. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்.”

“தெரியும் தங்கச்சி.”

“எண்ணைப் பார்த்துக் கண்டுபிடிச்சீங்களா?”

“இல்ல. அங்கயே தெரியும்.” டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். “படம் எடுத்துட்டு, கை பழக்கத்துல அடுத்ததுக்குத் தள்ளினேன். குமிழ் சுத்தல. அப்படியே நின்னுச்சு.”

“அப்பவே திறந்து மறுபடி மாட்டியிருக்கலாமே!”

“உம்மா எழுந்திரிச்சுட்டாங்க. ‘விழுந்துச்சா வாப்பா?’ன்னு என்னயக் கேட்டாங்க. ஒண்ணுதான்னு வார்த்த கொடுத்திருக்கேன். ‘விழுந்துருச்சு உம்மா’ன்னுட்டேன். இன்னொருக்கா கேட்டிருந்தா உக்காந்திருப்பாங்களோ என்னவோ. கேட்கல. அத மட்டும் நான் செக் பண்ணிப் பார்க்கல.”

“அப்புறம் ஏன் என்னைக் கழுவ விட்டீங்க?”

“நீங்க எங்க கேட்டீங்க? தூக்கிட்டுப் போயிட்டீங்க. எனக்கும் ஒரு நப்பாசை. நான் கண்டுபிடிச்ச குறை ஒருக்காவாச்சும் தப்பா இருக்கட்டும்னு ராத்திரி பூரா துஆ செஞ்சேன்.”

அவரே சொன்னார். வெள்ளிக்கிழமைதோறும் தொழுதுவிட்டு ஊருக்குப் போன் செய்வாராம். உம்மா எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் வெட்கத்தோடு, அந்தப் படம் எப்படி இருக்கிறது என்று கேட்பாராம். இவர் சொல்வாராம். சன்னல் வெளிச்சம் வலப்பக்கக் கன்னத்தில் விழுகிறது. முக்காடு நெற்றியில் சரியாக நிற்கிறது. கை இரண்டும் மடியில் இருக்கிறது. ‘நான் சிரிச்சிருக்கேனா?’ என்று ஒருமுறை கேட்டாராம். ‘இல்ல உம்மா, சிரிக்கப்போற மாதிரி இருக்கீங்க’ என்றாராம். எட்டு மாதம் ஒவ்வொரு வெள்ளியும் இது நடந்திருக்கிறது.

அக்கா போனைக் கொண்டுவந்தார். ஊரிலிருந்து பாயின் ராத்தா, அதாவது பாயின் அக்கா. பாய் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

“அந்தப் படம் எங்கிட்டதான் இருக்கு ராத்தா... எப்படிச் சொல்ல... இருங்க, கழுவின தங்கச்சி இங்கதான் நிக்கிறாங்க. பொம்பளைக்குப் பொம்பள, அவங்ககிட்டயே கேளுங்க.”

போனை என் கையில் வைத்துவிட்டார். முன்கூட்டி எதுவும் கேட்கவில்லை, கண்ணால்கூடக் கெஞ்சவில்லை.

“ஏம்மா, நீ பார்த்தியா எங்க உம்மா படத்த?” கரகரத்த குரல். அழுது அழுது அடைத்த குரல்.

“பார்த்தேன் ராத்தா.”

“போற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்கம்மா, எம் படம் ஒண்ணு மவன்கிட்ட இருக்குன்னு. எப்படி இருக்காங்க சொல்லு.”

சொன்னேன். சன்னல் வெளிச்சம் கன்னத்தில் விழுந்திருப்பதைச் சொன்னேன். எந்தக் கன்னம் என்று கேட்டார். இடது என்று சொல்ல வாயெடுத்தேன். பாய் தன் வலக் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். வலது என்றேன். நாற்காலியைச் சொன்னேன், முக்காட்டைச் சொன்னேன், மடியில் இருந்த கைகளைச் சொன்னேன். மறுமுனையில் விசும்பல் கேட்டது.

“கண்ணு எங்கம்மா பார்க்குது?”

இதை அவர் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதுகொண்டிருந்தார்.

“உங்க தம்பியத்தான் பார்த்துக்கிட்டிருக்காங்க ராத்தா,” என்றேன்.

“அல்ஹம்துலில்லாஹ். போதும்மா, எனக்கு இது போதும்.” அந்த அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நீ பொம்பளப்புள்ள, உன்கிட்ட சொல்றேன். உம்மாவுக்கு வார்த்த கொடுத்திருக்கு. அந்தப் படத்த வேற யாருக்கும் காட்டிராதீங்கம்மா,” என்றார்.

“காட்ட மாட்டோம் ராத்தா,” என்றேன்.